உதடு அசையாத குழந்தை

அன்றைக்குத் தனக்கு அதிர்ஷ்ட நாள் என்றுதான் சிட்டு நினைத்துக்கொண்டு வந்தாள்.

பத்து மணி வெயில் முதுகில் சுட, அந்தப் பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடிக்கு ஏறினாள். கீழே தையல் கடை, முதல் மாடியில் பல் டாக்டர், அதற்கு மேல் ஒலிப்பதிவுக் கூடம். தையல் மெஷினின் கடகடப்பும் பல் துளைக்கும் இரைச்சலும் படி முழுக்கக் கூடவே ஏறி வரும். கூடத்தின் கனத்த கதவைத் தள்ளி உள்ளே போய், அது தானாகச் சாத்திக்கொண்டதும் எல்லாம் சட்டென்று நின்றுபோகும். வெளியே பகலா இரவா என்று அப்புறம் தெரியாது. சுவரெல்லாம் கறுப்புப் பஞ்சு, ஜன்னல் என்ற பேச்சே இல்லை, பழைய ஏசியின் ஈர வாடை வேறு. பதினெட்டு வருஷமாக அவளுக்கு வேலை இந்த இருட்டில்தான்.

சிட்டு என்பது அவள் சொந்தப் பெயரில்லை, குரலுக்காகக் கூடத்தில் வைத்த பெயர். நாற்பத்திரண்டு வயசு ஆசாமி அவள். ஆனால் மைக் முன்னால் நின்றுவிட்டால் அவள் தொண்டையிலிருந்து வருவது ஏழு வயசுக் குழந்தையின் குரல். வெளிநாட்டுத் தொடர்களில் வரும் குழந்தைகளுக்கு நம் மொழியில் பேசுவது அவள் தொழில். டி.வி.யில் அழுதது, அடம்பிடித்தது, காணாமல் போய்க் கிடைத்தது என்று பாதிக் குழந்தைகள் அவள்தான். நிஜக் குழந்தையைக் கூட்டி வந்தால் பத்தாவது நிமிஷம் பசிக்கிறது என்று சொல்லும். சிட்டு சொல்லமாட்டாள்.

அன்றைய வேலை, ஒரு பழைய விஞ்ஞானத் தொடரில் ஒரே ஒரு அத்தியாயம். கறுப்பு வெள்ளை. வேறொரு கிரகத்தில் மனிதர்கள் குடியேறியிருக்கிறார்கள். அட்டையில் செய்த மலை, அலுமினியத் தாளைச் சுற்றிக்கொண்டது போன்ற உடுப்பு. அங்கே பிறக்கும் முதல் குழந்தை வாயைத் திறந்து பேசாது. மற்றவர்கள் நினைப்பது அதற்குக் கேட்கும். அது நினைப்பது மற்றவர்கள் தலைக்குள் கேட்கும். அதற்குச் சத்தம் பிடிக்காது. ஆகவே குடியிருப்பில் ஒருவர் பின் ஒருவராக எல்லோருக்கும் பேச்சு நின்றுபோகிறது. கடைசிக் காட்சியில் அத்தனை பேரும் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி, வாய் மூடி, சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

அதிர்ஷ்டம் என்று அவள் நினைத்தது அந்தக் குழந்தையின் உதட்டை. டப்பிங் வேலையில் உயிரை எடுப்பது உதடுதான். அங்கே வாய் திறக்கும்போது இங்கே திறக்க வேண்டும், அங்கே மூடும்போது இங்கே மூட வேண்டும். இந்தக் குழந்தை கடைசிவரை உதட்டையே அசைக்காது. வசனத்தை எங்கே வைத்தாலும் பொருந்தும். சீக்கிரமே முடித்துவிட்டு மூன்று மணிக்கு மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடலாம்.

போயே ஆக வேண்டும். கணவன் கப்பலில் வேலை பார்ப்பவன், இந்த மாதம் நடுக்கடலில் இருக்கிறான். மகளோ மூன்று மணிக்கு மேடையேறிக் கதை சொல்லப் போகிறாள்.

மகளுக்கு வீட்டில் வைத்த பெயர் வாயாடி. ஏழு வயசு. எழுந்ததிலிருந்து தூங்கும்வரை ஓயாத வாய். தூக்கத்திலும் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் புரண்டு படுப்பாள். முன்பற்கள் இரண்டும் விழுந்த பிறகு பேச்சோடு விசிலும் சேர்ந்துகொண்டது. 'ச' வந்தாலும் 'ஸ' வந்தாலும் பல் இடுக்கில் காற்று கீச்சிடும். ஆமை ஒன்று பஸ்ஸில் ஏறுகிற கதையை அவளே கட்டியிருந்தாள். பத்து நாளாக அதே ஆமை, அதே பஸ். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒரு விசில்.

"ஒரு ஊர்ல ஒரு ஆமை இருந்துச்சாம்மா..." என்று அன்று காலையிலும் ஆரம்பித்தாள்.

"அம்மாவுக்கு இன்னிக்கு வேலை இருக்குடி. வாயை மூடிட்டு வா" என்று சிட்டு எரிந்து விழுந்தாள். அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஒரு நாள், ஒரே ஒரு நாள், இந்த வாய் ஓய்ந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள். எந்த அம்மாதான் நினைக்கவில்லை?

வாயாடி தன் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பள்ளிக்கூட வாசல்வரை கையை எடுக்கவேயில்லை. இன்னொரு கையால் டாட்டா காட்டிவிட்டு உள்ளே ஓடினாள். சிட்டுவுக்கு மனசு சுருக்கென்றது. சாயங்காலம் கட்டிக்கொண்டு கொஞ்சிச் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தபடி பஸ் ஏறியிருந்தாள்.

கூடத்தில் என்ஜினியர் மட்டும்தான் இருந்தார். சிட்டு அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். அவர் முகம் தூங்காதவர் முகமாக இருந்தது.

"மத்தவங்க எல்லாம் பேசியாச்சா அண்ணா?"

"டாக்டர் வேஷம் மட்டும் பாதியில நிக்குது. நேத்து பேசினவருக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. ஏசி ஒத்துக்கல போல" என்றார் அவர், அவளைப் பார்க்காமல். "உங்க போர்ஷனை முடிச்சிடலாம். நாளைக்குள்ள அனுப்பியாகணும்."

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர். இந்தப் பக்கம் அவள், மைக், திரை. அந்தப் பழைய பிரிண்டை அவர் ஓட வைப்பதற்குள் மதியம் இரண்டு ஆகிவிட்டது. விளக்கு அணைந்தது. வசனத் தாள் பக்கத்தில் இருந்தது. சிட்டு அதைத் தொடவில்லை, தொடுகிற வழக்கமும் இல்லை. ஹெட்போனில் மூலக் குரலோ, யாராவது முன்கூட்டிப் பேசி வைத்த மாதிரிக் குரலோ ஓடும். காதில் விழுவதை அரை நொடியில் அப்படியே வாயில் விட்டுவிடுவாள். ஊரில் வேறு யாருக்கும் கைவராத வித்தை அது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

திரையில் மாடிப்படி. படியடியில் அந்தக் குழந்தை. நேராக வெட்டிய முடி, முகத்துக்குப் பெரிய கண்கள். அது கேமராவை நேராகப் பார்த்தது.

"கேக்குதா?" என்றது ஹெட்போன்.

நம் மொழியிலேயே பேசியது. மாதிரிக் குரல்தான் என்று சிட்டு முடிவு கட்டினாள். அதே போல் பேசினாள்.

"உனக்குக் கேக்குதா? ஆமா. உனக்குக் கேக்குது."

அதையும் பேசினாள்.

"எத்தனை பேர்கிட்ட சொல்லிப் பாத்தேன். யாரும் காதுல வாங்கல. உன் குரல் நல்லாயிருக்கு. எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு."

யார் வீட்டுப் பிள்ளையோ, என்ன அழகாகப் பேசுகிறது என்று நினைத்துக்கொண்டே சிட்டு தொடர்ந்தாள். ஏற்றம் இறக்கம் எல்லாம் அப்படியே அவளுடைய பாணி. அவள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளையாக இருக்கும்.

"கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் பொய் சொல்றார். நேத்து வந்தவருக்குத் தொண்டை கட்டல."

அதையும் பேசி முடித்தாள். படம் நின்றது.

"சிட்டு" என்றார் என்ஜினியர். ஒலிபெருக்கியில் அவர் குரல் கம்மியிருந்தது. "பேப்பர்ல இதெல்லாம் எங்க இருக்கு?"

"பேப்பரை யார் பாத்தா? நீங்க ஓட விட்டதைத்தானே பேசறேன். யார் அந்தப் பொண்ணு, உங்க பொண்ணா?"

கண்ணாடிக்கு அப்பால் அவர் எழுந்து நின்றிருந்தார்.

"நான் எதுவும் ஓட விடலையே. இந்தப் பிரிண்டுல குழந்தை குரல் இருந்த டிராக் அழிஞ்சு போச்சு. உங்க காதுல வெறும் மியூசிக்தான் போகுது."

ஏசி ஈரமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"இன்னொண்ணு" என்று அவர் கிசுகிசுத்தார். "நீங்க பேசினது எல்லாம் எனக்குக் கேட்டுச்சு. ஆனா இங்க எதுவும் பதிவாகல. ஒலிக் கோடு அசையவே இல்ல. சிட்டு... நீங்க வாயைத் திறந்தீங்களா?"

அவள் விரலால் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். இரண்டும் ஒட்டிக் காய்ந்திருந்தன.

"நேத்து அவருக்கு என்ன ஆச்சு அண்ணா?" உதட்டைப் பிரித்துக் கேட்க அவளுக்குச் சிரமமாக இருந்தது.

"ஏன் எங்களைப் பேசவிடாம பண்றேன்னு டாக்டர் அந்தக் குழந்தையைத் திட்டுவார் பாருங்க, அந்த வசனம். பாதி வந்துச்சு. அப்புறம் வாய் மட்டும் அசையுது, சத்தம் இல்ல. பேனா கேட்டு வாங்கி எழுதிக் காட்டினார்."

"என்னன்னு?"

"'இப்ப நிம்மதியா இருக்கு'ன்னு. சிரிச்சுக்கிட்டே படி இறங்கிப் போயிட்டார்." என்ஜினியர் முகத்தைத் துடைத்தார். "சொன்னா நீங்க வரமாட்டீங்கன்னுதான்... என்னை மன்னிச்சிடும்மா."

சிட்டு ஹெட்போனைக் கழற்றினாள்.

குரல் நிற்கவில்லை.

"யாரு அது?" என்றது, அவள் தலைக்குள். "உன் மனசுல ஒரு பொண்ணு எப்பவும் பேசிக்கிட்டே இருக்காளே. யாரு?"

திரையில் குழந்தை நிறுத்தி வைத்த இடத்தில்தான் நின்றது. கண்கள் மட்டும் முன்பைவிடக் கிட்டே வந்ததாக அவளுக்குப் பட்டது.

மகளை நினைக்கக்கூடாது. அது மட்டும்தான் சிட்டுவுக்கு அந்த நேரத்தில் தெரிந்தது. ஏழாம் வாய்பாட்டைச் சொன்னாள். சுவரில் இருந்த பஞ்சுப் பட்டைகளை எண்ணினாள். கணவனின் கப்பலை நினைத்தாள், கடலை நினைத்தாள். கடலென்றதும் ஆமை வந்தது. ஆமை வந்ததும் பஸ் வந்தது. பல் இடுக்கில் விசில் வந்தது. உள்ளங்கையால் பொத்திய வாய் வந்தது. ஒன்றை நினைக்காதே என்று மனசை அதட்டிப் பாருங்கள், அது வேறெதையும் நினைக்காது. நீங்களும் நானும் அவள் இடத்தில் நின்றிருந்தாலும் இதே கதிதான்.

"ஓ, உன் பொண்ணா!" என்றது குரல், சந்தோஷமாக. "வாய் ஓயணும்னு கேட்டியே, அவளா?"

"நான் கேக்கல!" சிட்டு கத்தினாள். "கேக்கல! சும்மா நினைச்சேன்!"

"சும்மா நினைக்கிறதுதான் எனக்குக் கேக்கும்."

"வேணாம். அவளை விட்டுடு. குழந்தை அவ. உனக்கு என்ன வேணுமோ என்கிட்ட எடுத்துக்கோ."

"உன்கிட்ட எடுத்தாச்சே."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கெஞ்சிய குரல் நாற்பத்திரண்டு வயசுக்காரியின் தடித்த குரல். குழந்தைக் குரலைத் தேடித் தொண்டையைச் சுருக்கினாள், நாக்கை மேலே தூக்கினாள், பதினெட்டு வருஷமாகச் செய்த வித்தை அத்தனையும் செய்து பார்த்தாள். வெறும் காற்றுதான் வந்தது. அந்தக் குரல் இருந்த இடமே தொண்டையில் இல்லை.

கண்ணாடியில் டொக் டொக்கென்று தட்டும் சத்தம். என்ஜினியரின் வாய் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கியில் ஒன்றும் வரவில்லை. அவர் குனிந்து சுவரிலிருந்த வயரைப் பிடுங்கினார். திரை இருண்டது. நிமிர்ந்தபோது அவர் முகத்தில் கவலையெல்லாம் வழித்து எடுத்தது போல் போயிருந்தது.

அவர் சிரித்தார்.

சிட்டு ஓடினாள். முதல் மாடியில் பல் துளைக்கும் இரைச்சல் கேட்டது, ஆனால் யாரும் முனகவில்லை. தையல் கடையில் மெஷின்கள் கடகடத்துக்கொண்டிருந்தன. விடிந்தால் பொழுது போனால் சண்டை போடும் அந்த இரண்டு தையல்காரிகளும் வாயை மூடி, தலையை ஆட்டி ஆட்டித் தைத்துக்கொண்டிருந்தார்கள். இருவர் முகத்திலும் அதே சிரிப்பு. அவர்கள் சண்டை போட்டால் தேவலை என்று அவளுக்கு அழுகை வந்தது.

பஸ்ஸுக்குக் காத்திருக்க மனசு கொள்ளவில்லை. கொளுத்தும் வெயிலில் ஓடினாள். ஓட ஓட, மூடு மூடு என்று தான் மகளை அதட்டியதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அதையெல்லாம் நினைக்கக்கூடாது என்றும் தெரிந்தது. கூடவே ஓடிவரும் ஒன்று அத்தனையையும் கேட்டுக்கொண்டு வந்தது.

அவள் மகளின் பள்ளிக்கூடம் தெருமுனையிலேயே காதைப் பிளக்கும். முந்நூறு பிள்ளைகள். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் புகார் எழுதிப் போட்டு ஓய்ந்துபோன இரைச்சல் அது.

தெருமுனை வந்தது. இரைச்சல் வரவில்லை.

வாசலைத் தாண்டினாள். காவலாளி அவளைப் பார்த்துச் சிரித்தான். மூன்று மணி அடித்தது. மணி மட்டும் அடித்து ஓய்ந்தது.

கூட்ட அரங்கின் கதவு திறந்துதான் இருந்தது. வரிசை வரிசையாகப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரையும் கிள்ளவில்லை. இருமல் இல்லை, சிணுங்கல் இல்லை. சுவரோரம் ஆசிரியைகள் கைகட்டி நின்றார்கள். முந்நூறு வாயும் மூடியிருந்தது. மின்விசிறி மட்டும் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தது.

மேடையில் வாயாடி நின்றாள். முதுகில் அட்டையில் செய்த ஆமை ஓடு. முந்தாநாள் சிட்டுதான் வெட்டி ஒட்டிக் கொடுத்தாள். குழந்தையின் உதடுகள் ஒட்டியிருந்தன.

"ஒரு ஊர்ல ஒரு ஆமை இருந்துச்சாம்" என்று சிட்டுவின் தலைக்குள் கேட்டது. "அதுக்கு நடந்து நடந்து கால் வலிச்சுச்சாம். அதனால அது பஸ் ஏறிச்சாம்."

முந்நூறு பிள்ளைகளின் தோள்களும் ஒன்றாகக் குலுங்கின. சிரிக்கிறார்கள். சத்தமில்லாமல் சிரிக்கிறார்கள்.

கதை சொன்ன குரலைச் சிட்டுவுக்கு நன்றாகத் தெரியும். இருமலில்லாமல், பிசிரில்லாமல், எந்த இடத்தில் மூச்சு வாங்க வேண்டுமோ அங்கே வாங்கிச் சொன்ன தேர்ந்த குரல். அவளுடைய குரல். டி.வி.யில் அழுததும் அடம்பிடித்ததும் அதுதான்.

'இருந்துச்சாம்' சுத்தமாக வந்தது. 'பஸ்' சுத்தமாக வந்தது.

விசில் இல்லை.

மேடையில் ஏறி மகளை அட்டை ஓட்டோடு அள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். யாரும் தடுக்கவில்லை. முந்நூறு தலைகளும் அவள் பக்கம் திரும்பின. அவளுடைய அழுகைச் சத்தம் அவர்களுக்குத் தொந்தரவாக இருந்தது போலும். சிலர் முகம் சுளித்தார்கள்.

தெருவில் ஒரு மரத்தடியில் இறக்கிவிட்டு மண்டியிட்டாள். இரண்டு கன்னங்களையும் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணு, பேசுடா. வாயைத் திறந்து பேசு. அம்மா இனிமே திட்டமாட்டேன். ராத்திரி பகலா பேசு. அந்த ஆமைக் கதையை நூறு தடவை சொல்லு, அம்மா உக்காந்து கேக்கறேன். ஒரே ஒரு வார்த்தை. என் தங்கம் இல்ல?"

வாயாடி அம்மா சொன்னதைத் தட்டாமல் வாயைத் திறந்தாள். முன்பற்கள் இல்லாத ஈறு, இளம்சிவப்பாக. ஈறில் புதுப்பல் ஒன்று வெள்ளை முனையாக எட்டிப் பார்த்தது. நாக்கு அசைந்தது. தொண்டை ஏறி இறங்கியது.

ஒரு சத்தமும் வரவில்லை.

குழந்தையின் கண்ணில் நீர் கோத்தது. அவள் மெதுவாகத் தன் உள்ளங்கையை எடுத்து, காலையில் பொத்தியது போலவே, வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொரு கை சிட்டுவின் சுண்டுவிரலைத் தேடி இறுகப் பிடித்தது. உள்ளே இருக்கிறாள். தன் பிள்ளை உள்ளே எங்கேயோ இருக்கிறாள் என்று சிட்டுவுக்குத் தெரிந்தது. எப்படி வெளியே கொண்டுவருவது என்பதுதான் தெரியவில்லை. யாரிடம் போய்க் கேட்பது? கேட்டால் பதில் சொல்ல யாருக்கு வாய் இருக்கிறது?

"இப்ப நிம்மதியா இருக்கா, அம்மா?" என்றது சுத்தமான குரல்.

இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்தார்கள். பஸ் ஒன்று கடந்து போனது. உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் வாய் மூடி, ஜன்னல் வழியாக அவர்களைப் பார்த்தபடி போனார்கள்.

மகளின் நிஜக் குரல் இனி உலகத்தில் ஒரே இடத்தில்தான் மிச்சம் இருக்கிறது. சிட்டுவின் ஞாபகத்தில். பல் இடுக்கில் கீச்சிடும் அந்தக் காற்று, பஸ் என்று சொல்லும்போது கூடவே தெறிக்கும் அந்தத் துளி எச்சில். அதை ஒரு தடவை நினைத்துப் பார்க்க அவளுக்கு நெஞ்சு துடித்தது. நினைத்தால் கேட்டுவிடும். கேட்டால் எடுத்துக்கொள்ளும். ஆகவே அவள் ஏழாம் வாய்பாட்டைச் சொன்னாள். நடைபாதைக் கற்களை எண்ணினாள். ஏழேழு நாற்பத்தொன்பது. ஏழெட்டு ஐம்பத்தாறு. உதட்டை இறுக்கிக்கொண்டு, மூச்சை இறுக்கிக்கொண்டு, அந்த விசிலை மனசின் அடியிலும் அடியில் தள்ளி மூடினாள்.

கொஞ்ச தூரம் ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு கேட்டது, மிக அன்பாக.

"அங்க என்ன ஒளிச்சு வச்சிருக்கே, அம்மா?"